பழைய 911-இன் உயரம்: ஒரு திறந்த மடல்

பழைய போர்ஷே 911 வைத்திருக்கும் நண்பர்களுக்கு,



1989 வரை வந்த 911-களில் ஒன்றை வைத்துக்கொண்டு, அண்மையில் அதன் சஸ்பென்ஷனைப் பிரித்து மாட்டியவர்களுக்கும், விரைவில் மாட்டப்போகிறவர்களுக்கும் இதை எழுதுகிறேன். புஷ் மாற்றியிருப்பீர்கள், ஷாக் அப்சார்பர் மாற்றியிருப்பீர்கள், சிலர் தடித்த டார்ஷன் பாரும் போட்டிருப்பீர்கள். செலவழித்த பணத்துக்கு ஏற்ற சுகம் வரவில்லை என்று உங்களில் பலர் அலுத்துக்கொள்வதைக் கேட்கிறேன். ஒருவருடைய வண்டி முன்னைவிட உயர்ந்து நிற்கிறது. இன்னொருவருடையது இடப்பக்கம் சாய்கிறது. மூன்றாமவர் வண்டி பார்க்க அம்சமாகப் பதிந்து நிற்கிறது, ஆனால் மேடு பள்ளத்தில் ஸ்டியரிங் கையை இழுக்கிறது. மூவரும் வைவது புதிய பாகங்களைத்தான்.

பாகங்கள்மீது எனக்குச் சந்தேகமில்லை. வேலை பாதியில் நின்றுபோயிருக்கிறது என்று நினைக்கிறேன். கழற்றி மாட்டியபின் வண்டியின் உயரத்தை மில்லிமீட்டர் கணக்கில் அளந்து அமைப்பதுதான் அந்த மறுபாதி. அதைத் தாண்டிக் குதித்து நேராக வீல் அலைன்மென்ட்டுக்கு ஓடுகிறோம். அதைவிட மோசம், எந்த உயரம் வேண்டும் என்பதைப் புகைப்படம் பார்த்து முடிவு செய்கிறோம். கேம்பர், டோ, ஸ்டியரிங்கின் நேர்மை, நான்கு சக்கரங்களின் சுமை, ஹெட்லைட் விழும் இடம் வரை எல்லாமே உயரத்தைப் பிடித்துக்கொண்டு நிற்கின்றன. உயரம் பிசகினால் மற்ற அளவுகளைச் சரி பார்ப்பதில் பொருளில்லை.

இந்த வண்டியில் உயரம் ஏன் இத்தனை எளிதாகப் பிசகுகிறது என்பதிலிருந்து தொடங்குகிறேன். 1963-இல் பிராங்பர்ட் கண்காட்சியில் 901 என்ற எண்ணோடு அறிமுகமாகி, நடுவில் பூஜ்யம் வரும் மூன்றிலக்க எண்ணுக்குப் பெஜோ நிறுவனம் உரிமை கோரியதால் 911 ஆன இந்தக் காரில், சுருள்வில் கிடையாது. 1989-இல் 964 என்ற அடுத்த தலைமுறை வரும்வரை டார்ஷன் பார்தான். ஃபெர்டினாண்ட் போர்ஷே 1931-இல் காப்புரிமை பெற்ற ஏற்பாடு அது; பீட்டிலிலும் 356-இலும் ஓடித் தேறியது. ஒரு எஃகுத் தண்டு. ஒரு முனை உடலோடு பிணைந்திருக்கும், மறுமுனை சக்கரத்தைத் தாங்கும் கையோடு சேர்ந்து திரும்பும். தண்டு முறுக்கப்பட மறுப்பதால்தான் வண்டி நிற்கிறது. முன்பக்கம் இரண்டு தண்டுகள் கீழ்க் கைகளுக்குள் நீளவாக்கில் கிடக்கின்றன. பின்பக்கம் இரண்டு தண்டுகள் குறுக்குக் குழாய் ஒன்றுக்குள் படுத்திருக்கின்றன.

ஆக, வண்டியின் உயரம் என்பது தண்டு எந்தக் கோணத்தில் தொடங்கி முறுக்கப்படுகிறது என்பதே. மாட்டும்போது அந்தக் கோணம் சற்று மாறினால் வண்டி ஏறும் அல்லது இறங்கும். தண்டின் தடிமன் மாறினால், பழைய கோணத்திலேயே மாட்டினாலும் உயரம் மாறும்.

இந்தக் கடைசி விஷயம்தான் பலரை ஏமாற்றுகிறது. முறுக்கலை எதிர்க்கும் வலு தடிமனின் நான்காம் அடுக்கில் கூடும். பின்பக்கம் 23 மி.மீ. தண்டை எடுத்துவிட்டு 25 மி.மீ. போட்டால், கூடியது இரண்டே மில்லிமீட்டர். வலுவோ ஏறத்தாழ 1.4 மடங்கு. பழைய தண்டு வண்டியின் பாரத்தில் 30 டிகிரி முறுகியது என்று வைத்துக்கொள்வோம். புதியது 21, 22 டிகிரியோடு நின்றுவிடும். மிச்சமான எட்டுச் சொச்ச டிகிரி, சக்கரத்தருகே ஆறு சென்டிமீட்டர் அளவுக்கு வண்டியைத் தூக்கிவிடும். "பழைய அடையாளத்திலேயே மாட்டினோம் சார், எப்படி ஏறிச்சுன்னு தெரியலை" என்று பட்டறையில் சொல்வார்கள். பழைய அடையாளத்தில் மாட்டியதால்தான் ஏறியது. தடிமன் மாறினால் கோணத்தைப் புதிதாகக் கணக்கிட வேண்டும். புதிய ரப்பர் புஷ்ஷின் இறுக்கமும், வாயு அடைத்த ஷாக் அப்சார்பரின் தள்ளலும் தம் பங்குக்கு இன்னும் சற்று உயர்த்தும்.

அடுத்து, எங்கே அளப்பது? நம்மில் பெரும்பாலோர் தரையிலிருந்து மட்கார்டின் வளைவு வரை டேப் பிடிக்கிறோம். அந்த எண்ணை நம்பாதீர்கள். டயரின் அளவு மாறினால் அது மாறும், காற்று குறைந்தால் மாறும், டயர் தேய்ந்தால்கூட மாறும். நாற்பது ஐம்பது வயதான வண்டியில் மட்கார்டு எத்தனை முறை அடிபட்டுத் தட்டி நிமிர்த்தப்பட்டது என்பதும் தெரியாது. இடமும் வலமும் ஒரே உயரத்தில் இருக்கும் என்பதற்கு உத்தரவாதமில்லை. போர்ஷேயின் சர்வீஸ் புத்தகம் வேறு வழி சொல்கிறது: சக்கரத்தின் மையம் தரையிலிருந்து எவ்வளவு உயரம், டார்ஷன் பாரின் மையம் எவ்வளவு உயரம் என்று இரண்டையும் அளந்து, ஒன்றிலிருந்து ஒன்றைக் கழிக்க வேண்டும். கழித்து வரும் எண்ணில் டயருக்கும் மட்கார்டுக்கும் இடமில்லை. கையின் கோணம் மட்டுமே அதில் மிஞ்சும். முன்பக்கம் தண்டின் மையம் சக்கர மையத்துக்கு 108 மி.மீ. கீழே இருக்க வேண்டும், ஐந்து மில்லிமீட்டர் முன்பின் இருக்கலாம். பின்பக்க எண் ஆண்டுக்கும் சந்தைக்கும் ஏற்ப மாறுவதால், உங்கள் ஆண்டுக்குரிய புத்தகத்தைப் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள்.

சந்தைக்கு ஏற்ப என்று சொன்னதற்குக் காரணம் உண்டு. 1970-களில் அமெரிக்கா பம்பர் விதிகளைக் கடுமையாக்கியது. அங்கே அனுப்பப்பட்ட 911-கள் ஐரோப்பிய வண்டிகளைவிட உயர்த்தி அமைக்கப்பட்டன. அமெரிக்க வண்டியை வாங்கியவர் "இது ஜீப் மாதிரி நிற்கிறதே" என்று வருந்துவதில் நியாயம் இருக்கிறது. அதை ஐரோப்பிய அளவுக்கு இறக்குவது, வடிவமைத்தவர்கள் நினைத்த இடத்துக்கே கொண்டுபோவதுதான். அந்த இறக்கத்தில் எனக்கு மறுப்பில்லை. அதற்கும் கீழே, படத்தில் பார்த்த பந்தயக் காரின் அளவுக்கு இறக்குவதைப் பற்றித்தான் பேச்சு.

உயர மாற்றம் ஒரு நல்ல காரை என்ன செய்யும் என்பதற்கு இங்கிலாந்தில் ஒரு பாடம் இருக்கிறது. 1974-இன் பிற்பகுதியில், அதே அமெரிக்க விதிகளுக்காக எம்ஜிபி காருக்குக் கறுப்பு ரப்பர் பம்பர் மாட்டி, வண்டியையும் ஓர் அங்குலத்துக்குக் குறையாமல் தூக்கினார்கள். செலவைக் குறைக்க, திறந்த காரில் முன்பக்க ஆன்டி ரோல் பாரையும் எடுத்துவிட்டார்கள். அதுவரை வளைவுகளில் ஒழுங்காக நடந்துகொண்ட கார் கப்பல்போல் சாயத் தொடங்கியது. 1976-இல் முன்னும் பின்னும் ஆன்டி ரோல் பார் மாட்டிச் சமாளிக்க வேண்டியிருந்தது. உற்பத்தி செய்த நிறுவனமே உயரத்தில் கை வைத்துப் பட்ட பாடு இது. அவர்கள் ஏற்றியதில் கெட்டது என்றால், நாம் இறக்கினால் நல்லதுதானே என்று கேட்பீர்கள். ஓரளவுக்கு நல்லதுதான். புத்தக அளவுக்கும் கீழே போகும்போது கணக்கு திரும்பிக்கொள்கிறது.

முன்பக்கத்தைப் பாருங்கள். கீழ்க் கையும் ஸ்டியரிங்கின் டை ராடும் ஏறத்தாழ ஒரே போக்கில் ஏறி இறங்கும்படி அமைக்கப்பட்டவை. ஸ்டியரிங் ராக் உடலோடு சேர்ந்து கீழே வந்துவிடுவதால், வண்டியை அதிகம் இறக்கினால் டை ராட் வெளிப்பக்கம் மேல்நோக்கிச் சாய்ந்து நிற்கும். அப்போது சக்கரம் மேட்டில் ஏறும் ஒவ்வொரு முறையும் டோ மாறும். நீங்கள் திருப்பாமலே சக்கரம் திரும்பும். மேலே சொன்ன மூன்றாம் நண்பரின் ஸ்டியரிங் கையை இழுப்பதற்குக் காரணம் இது. ராக்கின் அடியில் தகடு வைத்து உயர்த்துவது ஓரளவு உதவும். பந்தய வண்டிகளில் இதற்காகவே சக்கரத்தைத் தாங்கும் அச்சு முளையை ஸ்ட்ரட்டில் மேலே ஏற்றி வைத்திருப்பார்கள். தாழ்ந்து நிற்கும் பந்தய 911-ஐப் படம் எடுக்கும்போது அந்த முளை கண்ணில் படுவதில்லை.

இன்னொரு விசித்திரமும் உண்டு. இறக்கினால் வண்டி வளைவில் குறைவாகச் சாயும் என்பது பொது நம்பிக்கை. 911-இல் இருப்பதுபோன்ற ஸ்ட்ரட் முன்பக்கத்தில், கீழ்க் கையின் வெளிமுனை உள்முனையைவிட மேலே போய்விட்டால், உடல் எந்தப் புள்ளியைச் சுற்றிச் சாய்கிறதோ அந்தப் புள்ளி உடலைவிட வேகமாகக் கீழே இறங்கிவிடும். வண்டியின் எடை மையத்துக்கும் அந்தப் புள்ளிக்கும் இடையிலான தூரம் கூடும். சாய்வைக் குறைக்க இறக்கியவருக்குச் சாய்வு கூடிவிடும். கூடவே ஷாக் அப்சார்பர் அமுங்குவதற்கு இருந்த இடமும் குறைந்து, நடு வளைவில் தடுப்பு ரப்பரில் போய் முட்டும். முட்டிய கணத்தில் அந்த மூலையில் சஸ்பென்ஷன் இல்லை என்றே சொல்லலாம். அது பின்பக்கமாக இருந்தால் வால் வழுக்கும்.

911-இல் வால் வழுக்குவது சிறிய விஷயமில்லை. எஞ்சின் பின் அச்சுக்கும் பின்னால் தொங்குகிறது. தொடக்ககால வண்டிகளில் முன் பம்பருக்குள் வார்ப்பிரும்பு எடை வைத்துச் சமன் செய்யப் பார்த்தார்கள். 1969 மாடலில் சக்கர இடைவெளியை 57 மி.மீ. நீட்டினார்கள். முன்பக்கம் உயர்ந்து மூக்கைத் தூக்கினால் வேகத்தில் காற்று அதை இன்னும் தூக்கும். 1972 மாடல் எஸ் காருக்கு முன் ஸ்பாய்லரும், 1973 மாடல் கரேரா ஆர்எஸ்ஸுக்கு வாத்துவால் ஸ்பாய்லரும் வந்தது சும்மா இல்லை. முன்பின் உயர வித்தியாசத்தை இப்படி ஆண்டுக்கணக்கில் செதுக்கிய காரில், ஒரு மாலையில் திருகைத் திருப்பி அதைக் கலைத்துவிடுகிறோம்.

திருகு என்றதும் ஞாபகம் வருகிறது. முன்பக்கத் தண்டின் பின்முனையில் ஒரு நெம்புகோலும் அதில் ஒரு திருகும் உண்டு. இறுக்கினால் ஏறும், தளர்த்தினால் இறங்கும். பாரத்தோடு திருப்பாதீர்கள், மரை தின்றுவிடும். ஜாக்கி போட்டுப் பாரத்தை எடுத்துவிட்டு, கிரீஸ் வைத்துத் திருப்புங்கள். முன்பக்கம் இத்தனை எளிது என்பதால்தான் பலர் முன்பக்கத்தை மட்டும் இறக்கிவிட்டுப் பின்பக்கத்தை அப்படியே விட்டுவிடுகிறார்கள்.

பின்பக்கம் பொறுமையைக் கேட்கும். தண்டின் உள்முனையில் 40 பற்கள், வெளிமுனையில் 44. உள்முனையை ஒரு பல் நகர்த்தினால் 9 டிகிரி. வெளிமுனையை ஒரு பல் நகர்த்தினால் 8.18 டிகிரி. இரண்டையும் எதிரெதிராக ஒவ்வொரு பல் நகர்த்தினால் வித்தியாசம் 0.82 டிகிரி. பள்ளி ஆய்வகத்தில் பார்த்த வெர்னியர் அளவுகோலின் சூத்திரம்தான். இந்தச் சிறு அசைவு சக்கரத்தருகே ஐந்தாறு மில்லிமீட்டராகத் தெரியும். பற்களின் எண்ணிக்கையை வேறு வேறாக வைத்த அந்த வடிவமைப்பாளரை எண்ணி நான் பலமுறை வியந்திருக்கிறேன். ஒரு முனையில் மட்டும் ஒரு பல் தவறினாலோ, ஆறு சென்டிமீட்டருக்கு மேல் போய்விடும். 1970-களின் பிற்பகுதியிலிருந்து வந்த வண்டிகளில், தண்டின் வெளிமுனையில் பொருந்தும் ஸ்பிரிங் பிளேட் இரண்டு தகடாகப் பிரிந்து, நடுவில் மையம் விலகிய திருகு ஒன்று வந்தது. 36, 24 என்ற இரண்டு ஸ்பேனர்களால் கடைசி மில்லிமீட்டர்களைப் பல்லைத் தொடாமலே சரி செய்யலாம். பெரிய தூரத்தைப் பல்லால் கடந்துவிட்டு, நுணுக்கத்துக்கு மட்டும் அதைப் பயன்படுத்துங்கள்.

மூன்று எச்சரிக்கைகள். ஸ்பிரிங் பிளேட் அதன் நிறுத்தத்தில் முறுக்கோடு காத்திருக்கும் பொருள். ஜாக்கியால் அடக்காமல் நெம்பினால் கையை முறிக்கும். டார்ஷன் பார்களில் இடது, வலது என்று உண்டு, ஒரு திசைக்கே பழக்கப்படுத்தப்பட்ட எஃகு அது, மாற்றிப் போட்டால் உடையும். அதன் பூச்சில் விழும் ஒரு கீறலும் அதில் ஏறும் துருவும் பிற்பாடு வெடிப்பாகும். ஸ்க்ரூடிரைவரால் நோண்டி எடுக்காதீர்கள், திரும்ப மாட்டும்போது கிரீஸ் பூசுங்கள்.

இனி அளக்கும் ஒழுங்கு. தரை சமமாக இருக்க வேண்டும். கொத்தனார்கள் வைத்திருக்கும் டியூப் மட்டம் போதும். நான்கு சக்கரம் நிற்கும் இடங்களையும் பார்த்து, தாழ்ந்த இடத்தில் தகடு வையுங்கள். டயர் காற்றைச் சரி செய்யுங்கள். பெட்ரோல், ஸ்டெப்னி, டூல்ஸ் எல்லாம் புத்தகம் சொன்னபடி இருக்கட்டும். ஜாக்கியிலிருந்து இறக்கியவுடன் அளக்காதீர்கள். தொங்கிய சக்கரங்கள் உள்பக்கம் மடங்கியிருக்கும், டயரின் பிடிப்பு வண்டியைத் தன் உயரத்துக்கு இறங்க விடாது. முன்னும் பின்னும் உருட்டி, நான்கு மூலையிலும் அமுக்கிவிட்டு அளங்கள். பின்பக்கத்தை முதலில் முடியுங்கள். பின்பக்கம் மாறினால் முன்பக்கமும் சற்று மாறும் என்பதால், முன்பக்கத்தை அமைத்தபின் மறுபடி பின்னால் வந்து பாருங்கள்.

இடம் வலம் உயரம் சரியாக வந்தபின்பும் ஒரு படி இருக்கிறது: நான்கு சக்கரங்களின் சுமை. நான்கு கால்களில் ஒன்று குட்டையான நாற்காலி, எதிர்மூலைக் கால்கள் இரண்டில்தான் தன் பாரத்தை இறக்கும்; காரும் அப்படித்தான். இடது முன்பக்கத்தைச் சற்று ஏற்றினால் இடது முன்னும் வலது பின்னும் சுமை கூடும், மற்ற இரண்டில் குறையும். முன் அச்சின் மொத்தமும் ஒரு பக்கத்தின் மொத்தமும் மாறுவதில்லை, மூலைவிட்டம் மட்டும் மாறும். கண்ணுக்குத் தெரியாத மில்லிமீட்டரும் எடைத் தட்டில் கிலோவாகத் தெரியும். இதைப் பார்க்காமல் விட்டால் பிரேக் போடும்போது ஒரு முன் சக்கரம் முந்திக்கொண்டு பூட்டும், இடப்பக்க வளைவில் ஒரு காரும் வலப்பக்க வளைவில் இன்னொரு காரும் ஓட்டுவதுபோல் இருக்கும். ஆன்டி ரோல் பாரின் இணைப்பைக் கழற்றிவிட்டு, ஓட்டுபவரின் எடையை இருக்கையில் வைத்து, நான்கு தட்டுகளில் ஏற்றி எடை பாருங்கள். தட்டுகள் வாடகைக்குக் கிடைக்கும்.

இதற்குப் பிறகுதான் கேம்பர், காஸ்டர், கடைசியாக டோ. ஸ்பிரிங் பிளேட்டை அசைத்தவர் பின் சக்கரத்தின் டோவையும் கட்டாயம் பார்க்க வேண்டும். ஹெட்லைட்டைத் திரும்ப அமைக்க மறக்காதீர்கள். மூக்கு இறங்கியிருந்தால் ஒளி காலடியில் விழும். சில நூறு கிலோமீட்டர் ஓடியபின் புஷ்கள் படிந்து உயரம் சற்று மாறியிருக்கும், அப்போது ஒருமுறை அளந்து முடித்துக்கொள்ளுங்கள்.

இவ்வளவும் செய்ய நேரமும் கூலியும் ஆகும். பட்டறைகள் "லோயரிங்" என்று ஒரே வரியில் பில் போடுவதும், நாமும் வண்டி பதிந்து நிற்பதைப் பார்த்துத் திருப்தியோடு காசைக் கொடுப்பதும் அதனால்தான். குற்றம் அவர்களிடம் மட்டும் இல்லை. வண்டிகள் கூடும் இடங்களில் மட்கார்டுக்கும் டயருக்கும் இடையில் விரல் நுழையாத வண்டியைச் சுற்றித்தான் கூட்டம் நிற்கிறது. டோ எவ்வளவு என்று அதைச் சுற்றி நிற்கும் யாரும் கேட்பதில்லை.

ஆகவே என் வேண்டுகோள்கள் இவை. வண்டியைப் பிரிக்கும் முன் நான்கு மூலை உயரத்தையும் அளந்து குறித்துக்கொள்ளுங்கள். வேலை முடிந்தபின் எது மாறியது என்று சொல்ல வேறு வழியில்லை. தண்டின் தடிமனை மாற்றுகிறீர்கள் என்றால், புதிய கோணத்தை யார் கணக்கிட்டார்கள், எத்தனை டிகிரி என்று பட்டறையில் கேளுங்கள். பில்லோடு முன்பக்க, பின்பக்க உயரமும் நான்கு சக்கரச் சுமையும் எழுதிய தாளைக் கேட்டு வாங்குங்கள். தர மறுக்கும் இடத்தில் வேலையைக் கொடுக்காதீர்கள். புத்தக அளவுக்குக் கீழே போக ஆசைப்படுபவர், டை ராடுக்கும் ஷாக் அப்சார்பரின் நீளத்துக்கும் என்ன செய்யப் போகிறோம் என்று முதலில் முடிவெடுத்துவிட்டு, பிறகு திருகைத் தொடுங்கள். முடிவெடுக்க முடியவில்லையென்றால் ஐரோப்பிய அளவோடு நிறுத்திக்கொள்ளுங்கள். முன்பக்கம் 108 மி.மீ. என்று நின்றால் வண்டி அழகாகவே இருக்கும்.

அந்தத் தாளை வண்டியின் காகிதங்களோடு வையுங்கள். இந்தக் கார்கள் நம்மோடு முடிந்துபோவதில்லை, நமக்குப் பிறகும் கைமாறும். அடுத்து வாங்குபவர் ரசீதுகளைப் புரட்டும்போது, என்ன பாகம் போட்டார்கள் என்பதோடு எந்த அளவில் நிறுத்தினார்கள் என்பதும் தெரிந்தால், அவர் முதல் நாளே ஸ்பேனரைக் கையில் எடுக்காமல் வண்டியை எடுத்துக்கொண்டு ஊர் சுற்றப் போவார்.

அன்புடன்,
பழைய வண்டிகளோடு காலம் தள்ளும் உங்கள் நண்பன்